மேனட்டி வாலை அசைக்காமல் எப்படி மேலே வருகிறது? சிப்பி எடுக்கிறவனின் சந்தேகம்

கேட்டவர்: கடியப்பட்டணம்_கரை

எல்லாருக்கும் வணக்கம். பாறையில் சிப்பி எடுப்பதுதான் என் தொழில். ஆனி, ஆடியில் கடல் பொங்கிக் கிடக்கும்போது கரையில் சும்மா இருக்க வேண்டியதுதான். போன வாரம் அப்படி இருந்தபோது ஏழாவது படிக்கிற மகள் போனில் ஒரு வீடியோ காட்டினாள். அமெரிக்காவில் ஏதோ ஒரு ஆறு, தண்ணீர் கண்ணாடி மாதிரி. அடி மணலில் மேனட்டி என்கிற கடல் பசு ஒன்று குப்புறப் படுத்துக் கிடக்கிறது. ஒரு முழு எருமை அளவு இருக்கும். கொஞ்ச நேரத்தில் படுத்த வாக்கிலேயே மேலே வருகிறது. வால் அசையவில்லை, கை அசையவில்லை. மூக்கை மட்டும் வெளியே நீட்டி ஒரு மூச்சு. மறுபடியும் அப்படியே கீழே இறங்கி, விட்ட இடத்தில் படுத்துக்கொண்டது. லிப்ட் போய் வருகிற மாதிரி.

"அப்பா, இது எப்படி? நீங்கதானே முங்குற ஆளு, சொல்லுங்க" என்றாள். எனக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நெஞ்சு நிறைய மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கினால் முதல் ஒரு பாகம் (இரண்டு கையையும் விரித்த நீளம்) தண்ணீர் நம்மை வெளியே தள்ளும். தலையைக் கீழே குத்தி, காலை அடித்து, பாடுபட்டுத்தான் இறங்க வேண்டும். மூன்று பாகம் தாண்டிவிட்டால் தள்ளுவது நின்றுவிடும், அப்புறம் உடம்பே கல்லு மாதிரி இறங்கும். வலைக்குக் கோக்கிற ஈயக்குண்டை ஒரு வாரில் கோத்து இடுப்பில் கட்டியிருப்பேன், மூன்று கிலோ வரும். ஒரு கிலோ குறைந்தால் கால் வலிக்கும். ஒரு கிலோ கூடினால் சிப்பிப் பையோடு திரும்பி வரும்போது உயிர் போகும். இந்தக் கணக்கைப் பிடிக்க எனக்கு நாலைந்து வருடம் ஆனது. ஒரு குண்டும் கட்டாமல் இந்த மிருகம் எப்படிச் செய்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கொஞ்சம் எளிதாகச் சொன்னால் மகளுக்கும் காட்டுவேன்.

வடசேரி_ராஜா எழுதியது:

அண்ணே, அது உடம்பெல்லாம் கொழுப்பு. எண்ணெய் தண்ணியில மிதக்கும்ல, அதே கதைதான். திமிங்கலமும் அப்படித்தான். சிம்பிள்.

கடியப்பட்டணம்_கரை எழுதியது:

தம்பி, மிதப்பதற்குக் கொழுப்பு என்றால் சரி. கீழே போனதே, அது எப்படி? கொழுப்பைக் கழற்றி வைத்துவிட்டா போகும்?

மார்த்தாண்டம்_டீச்சர் எழுதியது:

கரை தம்பி கேட்டது சரியான கேள்வி. முப்பது வருடம் விலங்கியல் நடத்திவிட்டு இப்போது ரப்பர் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன், இதற்கு நான் பதில் சொல்லாவிட்டால் எப்படி?

முதலில் ராஜா. மேனட்டியைப் பார்த்தால் கொழுத்த பிராணி மாதிரிதான் தெரியும். ஆனால் திமிங்கலத்துக்கு இருக்கிற மாதிரி கனத்த கொழுப்புப் போர்வை அதற்குக் கிடையாது. அதனால்தான் தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் அதற்குத் தாங்காது, வெதுவெதுப்பான ஊற்றைத் தேடி ஓடும். உருண்டையாகத் தெரிவதில் பெரும்பங்கு குடல். அதற்கு அப்புறம் வருகிறேன்.

கரை தம்பி, நீங்கள் இடுப்பில் கட்டுகிற ஈயக்குண்டை அது விலா எலும்பில் கட்டியிருக்கிறது. ஆட்டு நல்லி எலும்பைத் தட்டி மச்சையை உறிஞ்சியிருப்பீர்கள். நடுவில் குழல் இருப்பதால்தானே மச்சை வருகிறது. மேனட்டியின் விலா எலும்பை நறுக்கிப் பார்த்தால் குழலே இருக்காது, தந்தம் மாதிரி உள்ளே முழுக்கக் கெட்டி. இரத்த அணுக்கள் உண்டாக மச்சை வேண்டுமே என்று கேட்பீர்கள். அது நெஞ்செலும்பிலும் முதுகெலும்பிலும் இருக்கிறது. விலா எலும்பு பாரத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டது போல. டால்பின், திமிங்கலங்களின் எலும்பு இதற்கு நேர் எதிர், கடற்பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக லேசாக இருக்கும். கட்டுமரத்துக்கு லேசான அல்பீசியாத் தடி, நங்கூரத்துக்குக் கல் என்று நம் ஆட்கள் பிரித்து வைத்திருக்கிற மாதிரிதான்.

அது ஏன் அப்படி? உங்கள் "முதல் ஒரு பாகம் தள்ளும்" என்ற வரியில்தான் விடை இருக்கிறது. நெஞ்சுக்குள் இருக்கிற காற்றை ஆழம் அமுக்கும். கடல்மட்டத்தில் 10 லிட்டர் காற்று என்றால் 10 மீட்டர் ஆழத்தில் அது 5 லிட்டர். பாதியாகிவிடும். இதில் சூட்சுமம் என்னவென்றால், மாற்றம் அதிகம் நடப்பது மேல்தண்ணீரில்தான். மேலிருந்து 3 மீட்டர் இறங்கினால் காற்றில் கிட்டத்தட்ட கால்பங்கு சுருங்கிவிடும். அதே 3 மீட்டரை 20 மீட்டர் ஆழத்திலிருந்து இறங்கினால் சுருங்குவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆழத்துக்குப் போகிற திமிங்கலத்துக்கு ஈயக்குண்டு தேவையில்லை, ஆழமே காற்றை நசுக்கிக் கொடுத்துவிடும். மேனட்டி மேய்வதோ ஒன்றிரண்டு ஆள் ஆழத்தில். அங்கே நுரையீரல் ஊதியே இருக்கும், கனம் இல்லாவிட்டால் புல்லைக் கடிக்கும்போதே மேலே வந்துவிடும்.

இனி நுரையீரல் இருக்கிற இடம். நமக்கு அது நெஞ்சுக்கூட்டில், உடம்பின் மேல்பாதியில். அதனால்தான் மல்லாந்து மிதந்தால் நெஞ்சு மேலே நிற்கும், கால் தாழும். மேனட்டிக்கு நுரையீரல் தட்டையாக, நீளமாக, முதுகை ஒட்டி வால் பக்கம்வரை போகும். வளர்ந்த ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் வரும். பழைய ஓட்டு வீட்டில் மச்சு இருக்குமே, தேங்காயும் நெல்லும் போட்டு வைக்க. அந்த மச்சில் முழுக்கக் காற்று, கீழே அறையில் குடலும் மற்றவையும். காற்று முதுகில், நீளவாக்கில் பரவி இருப்பதால் தலையும் தூக்காது, வாலும் தூக்காது. படுத்த வாக்கிலேயே நிற்கும்.

அந்த மச்சுப் பலகைதான் இதில் எனக்குப் பிடித்த பாகம். நமக்கு உதரவிதானம் ஒன்று, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் குறுக்குச் சுவர் மாதிரி. மேனட்டிக்கு இரண்டு. இடது நுரையீரலுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. அவை குறுக்கே நிற்காமல் உடம்பின் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கின்றன, முதுகெலும்பிலிருந்து இறங்குகிற எலும்பு முளைகளில் நடுவே பிடிமானம். இவ்வளவு பெரிய தசைப்பலகை மூச்சு வாங்க மட்டும் இருக்க வாய்ப்பில்லை. அதை இறுக்கினால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கும், மேனட்டி கனமாகும், இறங்கும். தளர்த்தினால் காற்று விரியும், ஏறும். ஒரு குமிழிகூட வெளியே விட வேண்டியதில்லை. உங்கள் மகள் பார்த்த லிப்ட் இதுதான்.

கடியப்பட்டணம்_கரை எழுதியது:

டீச்சர், ரொம்ப நன்றி. மச்சு உதாரணம் மகளுக்கு உடனே பிடிபட்டது. எங்கள் தள்ளை வீட்டில் இன்னும் மச்சு இருக்கிறது.

இரண்டு சந்தேகம். இரண்டு பலகை என்றால் ஒரு பக்கத்தை மட்டும் இறுக்க முடியுமா? அப்படி இறுக்கினால் உடம்பு சாயுமே. இன்னொன்று கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் தொழில் சம்பந்தப்பட்டது. என் மாமா எனக்கு முங்கச் சொல்லிக்கொடுத்தபோது முதல் விதி, "சக்கையும் பயறும் தின்னுட்டு கடலுக்கு வராத லே" என்பதுதான் (சக்கை என்றால் பலாப்பழம்). வயிறு ஊதினால் மூச்சும் நிற்காது, இறங்கவும் விடாது. புல் தின்கிற பிராணிக்கு வயிற்றில் எவ்வளவு வாயு இருக்கும்! எங்கள் வீட்டு மாடு படுத்து எழும்பினாலே சத்தம் கேட்கும். அதை மேனட்டி என்ன செய்கிறது?

மார்த்தாண்டம்_டீச்சர் எழுதியது:

வெட்கப்பட ஒன்றுமில்லை. வகுப்பில் இந்தப் பாடம் வந்தால் கடைசி பெஞ்சுவரை விழித்திருக்கும்.

மேனட்டி தினமும் தன் எடையில் 4 முதல் 9 சதவீதம்வரை புல்லும் நீர்ச்செடியும் தின்னும். 500 கிலோ பிராணி என்றால் 20 கிலோவுக்கு மேல். மாடு வயிற்றின் முன்பகுதியில் புளிக்க வைத்து அசைபோடும். மேனட்டி குதிரை மாதிரி, பின்னால் பெருங்குடலில் புளிக்க வைக்கும். பெருங்குடல் மட்டுமே 20 மீட்டரைத் தாண்டும். தின்றது வெளியே வர ஏறக்குறைய ஒரு வாரம். அந்த ஒரு வாரமும் உள்ளே மீத்தேன் உண்டாகிக்கொண்டே இருக்கும். ஆக, அதற்குக் காற்றுப்பை இரண்டு வகை. மச்சில் நுரையீரல், கீழறையில் குடல். வயிற்றுத் தசையும் அந்த உதரவிதானமும் சேர்ந்து இறுக்கும்போது குடல் வாயுவும் சேர்ந்தே அமுங்கும்.

இது கதை இல்லை என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. காப்பகங்களில் வைத்து வைத்தியம் பார்க்கிற மேனட்டிக்கு மலச்சிக்கல் வந்தால் வால் பக்கம் மேலே தூக்கிக்கொண்டு மிதக்கும், தலை கீழே. வாயு வெளியேறினால் மறுபடியும் மட்டமாகிவிடும். உங்கள் மாமா விலங்கியல் படிக்காமலே சொல்லியிருக்கிறார்.

ஒரு பக்கம் இறுக்குவது பற்றி: இரண்டும் தனித்தனி அறைகள். உடம்பு உருளுவதை அடக்கவும் அது உதவும் என்றுதான் அதை அறுத்துப் பார்த்தவர்கள் கருதுகிறார்கள். நான் நேரில் பார்த்ததில்லை. யாராவது பார்த்திருந்தால் சொல்லட்டும்.

தூத்தூர்காரி எழுதியது:

நான் பார்த்திருக்கிறேன் டீச்சர். ஊர் தூத்தூர், ஃபுளோரிடாவில் நர்ஸ் வேலைக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. குளிர்காலத்தில் லீவு கிடைத்தால் ப்ளூ ஸ்பிரிங் என்கிற இடத்துக்குப் போவோம். அங்கே ஊற்றுத் தண்ணீர் எப்போதும் 22 டிகிரி. ஜனவரியில் ஆறு குளிர்ந்துவிட்டால் நூற்றுக்கணக்கில் வந்து அடைந்துவிடும். பலகை நடைபாதையில் நின்று குனிந்தால் கீழே வரிசையாகப் படுத்துக் கிடக்கும், நம்ம ஊர் மணலில் கவிழ்த்துப் போட்ட வள்ளம் மாதிரி.

கரை அண்ணன் சொன்ன அந்த லிப்டை மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். ஏறும்போது முதலில் மூக்குப்பக்கம் ஒரு சாண் உயரும், பிறகு மொத்த உடம்பும் பய்ய எழும்பும். முதுகில் பாசி பிடித்திருக்கும், அந்தப் பாசி நார்கூட ஆடாது. மூக்குத்துளை இரண்டும் மூடி போட்ட மாதிரி இறுக்கி மூடியிருக்கும். தண்ணீர் விலகின அந்த நொடியில் இரண்டும் வட்டமாகத் திறக்கும், ஒரு "ப்ஹூ", உடனே மூடிக்கொள்ளும். அவ்வளவுதான் மூச்சு. அந்த ஒரு மூச்சில் நுரையீரல் காற்றில் 90 சதவீதத்தை மாற்றிவிடுமாம். நம்மைச் சும்மா மூச்சு விடச் சொன்னால் அதில் ஒரு சின்னப் பங்குதான் மாறும். ஆஸ்துமாகாரர்களுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்துக் களைத்துப்போகிற எனக்கு அதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும்.

நகருவதையும் சொல்கிறேன். துடுப்பு மாதிரி வட்டமான ஒரே வால், மேலும் கீழும் அடிக்கும், மீன் மாதிரிப் பக்கவாட்டில் இல்லை. இரண்டு அடி அடித்துவிட்டு அப்புறம் வழுக்கிக்கொண்டே போகும். சாதாரணமாக நாம் வேகமாக நடக்கிற அளவுதான் போகும், பயந்தால் மட்டும் ஒரு பாய்ச்சல். கை இரண்டும் திருப்பத்துக்கு. அடியில் மேயும்போது அந்தக் கைகளை ஊன்றி ஊன்றி நடக்கும், குழந்தை தவழுகிற மாதிரி. கைநுனியில் யானைக்கு இருக்கிற மாதிரி நகம்கூட உண்டு. கழுத்தில் எலும்பு ஆறுதான், நமக்கு ஏழு. தலையை மட்டும் திருப்பிப் பார்க்க வராது, பின்னால் பார்க்க வேண்டுமானால் மொத்த உடம்பும் திரும்ப வேண்டும்.

ஒரு பக்கம் சாய்வது நான் கண்ட ஒரே தடவை, அது நல்ல காட்சி இல்லை. படகு இடித்த ஒன்று. கனமான எலும்பு என்றால் பலமான எலும்பு என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை, பீங்கான் மாதிரி, அடிபட்டால் உடையும். உடைந்த விலா நுரையீரலைக் குத்திவிட்டால் காற்று கசிந்து அந்தப் பக்க அறைக்குள் தேங்கிவிடும். அந்தக் காற்றை அதனால் வெளியே விடவும் முடியாது. அடிபட்ட பக்கம் தண்ணீருக்கு வெளியே தூக்கிக்கொண்டு, ஒருக்களித்து மிதந்தது. கீழே போக முயலும், வாலை அடிக்கும், மறுபடியும் மேலே வந்துவிடும். முதுகுத் தோல் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. மனிதர்களில் இதை நாங்கள் நிமோதொராக்ஸ் என்போம், வார்டில் எத்தனையோ பார்த்திருக்கிறேன், ஆனால் படுக்கையில் கிடக்கிற மனிதன் மிதக்க மாட்டானே. இரண்டு அறையும் தனித்தனியாக இருப்பதால் ஒரு பக்கம் போனாலும் மறுபக்கம் மூச்சு ஓடுகிறது, அந்த மட்டில் பிழைக்கிறது. மீட்புக்காரர்கள் வந்து கொண்டுபோனார்கள். இப்படிப்பட்டவற்றுக்கு மிதவை வைத்துத் தைத்த சட்டைகூடப் போட்டு மட்டமாக நிறுத்துவார்களாம்.

வடசேரி_ராஜா எழுதியது:

கொழுப்பு கட்சியிலேருந்து ராஜினாமா பண்ணிட்டேன். அக்கா, ஒரு கேள்வி. இது ஆத்துலயும் இருக்குது, கடல்லயும் இருக்குதுங்கிறாங்க. மணக்குடி காயல்ல நீந்துறதும் கடல்ல நீந்துறதும் எனக்கே வித்தியாசமா இருக்கும். அதுக்கு எப்படி? அப்புறம் நம்ம கடல்ல இது இருக்கா?

மார்த்தாண்டம்_டீச்சர் எழுதியது:

ராஜா, இப்போதுதான் ஒழுங்கான கேள்வி கேட்கிறாய். கடல் தண்ணீர் நல்ல தண்ணீரைவிட ஏறக்குறைய இரண்டரை சதவீதம் கனம். 500 கிலோ மேனட்டி கடலிலிருந்து ஆற்றுக்குள் நுழைந்தால் அதைத் தாங்குகிற விசையில் 12 கிலோவுக்கு மேல் குறையும். கரை தம்பி நாலு பெல்ட்டை ஒரே நேரத்தில் கட்டிக்கொண்ட மாதிரி. காற்றைக் கூட்டியோ, இறுக்கத்தைத் தளர்த்தியோ, வாலை அடித்தோ அதைச் சரிக்கட்டித்தான் ஆக வேண்டும். மேனட்டியில் மூன்று இனம். அமேசானில் இருப்பது நல்ல தண்ணீரைவிட்டு வெளியே வராது, மற்ற இரண்டும் இரண்டிலும் புழங்கும்.

நம் கடலில் மேனட்டி கிடையாது. நம்முடையது டுகோங், அதுவும் கடல் பசுதான். பாக் நீரிணைப் பக்கத்து மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் அதற்கான காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. கடல்புல் படுகை இருக்கிற இடம் அது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கரை பாறையும் அலையும், அதற்குத் தோதான மேய்ச்சல் இல்லை. கெட்டி எலும்பு, நீளமான நுரையீரல், புல் தீனி எல்லாம் அதே கதை. வால் மட்டும் வேறு, டால்பின் மாதிரி இரண்டாகப் பிரிந்திருக்கும், ஆற்றுக்குள்ளும் வராது.

இதே குடும்பத்தில் ஸ்டெல்லர் கடல் பசு என்று ஒன்று இருந்தது, பெரிங் கடலில். அதை 1741-ல் நேரில் பார்த்து எழுதியவர் அது முழுதாக முங்கவே முடியாமல் முதுகு வெளியே தெரிய மிதந்தது என்கிறார். முங்கித் தப்பிக்கத் தெரியாத பிராணி. 1768-க்குள் வேட்டையாடித் தீர்த்துவிட்டார்கள்.

கடியப்பட்டணம்_கரை எழுதியது:

தாமதத்துக்கு மன்னிக்கவும். இரண்டு நாளாக வீட்டில் ஆராய்ச்சி.

மகளும் நானும் ஒரு இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலில் சுற்றிலும் ஓட்டை போட்டோம், தண்ணீர் உள்ளே வர. இரண்டு நீள பலூன், ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு டிரிப் டியூப், நூல் சுற்றிப் பசை வைத்து. மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மிச்சமான டியூப். அடியில் வலை ஈயக்குண்டு. துணி துவைக்கிற தொட்டியில் போட்டோம்.

முதல் தடவை பலூனை மூடிப்பக்கம் திணித்திருந்தேன். பாட்டில் நட்டுக்குத்தாக நின்றது, என்னை மாதிரி. டீச்சர் சொன்ன மாதிரி முதுகோடு நீளவாக்கில் கட்டியதும் படுத்துவிட்டது. ஈயம் ஒன்பது குண்டு போட்டால் தரை, எட்டு போட்டால் மேலே. எட்டரை எங்கே கிடைக்கும்? ஒரு குண்டை அரத்தால் ராவி ராவிச் சரி பண்ணினேன், அரைமணி நேரம் போனது. அப்புறம் நடுத்தண்ணீரில் நின்றது பாருங்கள், அசையாமல்! டியூபில் லேசாக ஊதினால் ஏறியது, உறிஞ்சினால் இறங்கியது. உறிஞ்சும்போது ஒரு தடவை சோப்புத்தண்ணீர் வாய்க்குள் போனதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் நான் பார்க்காதபோது மகள் ஒரு டியூபை மட்டும் ஊதி விரலால் அடைத்துப் பிடித்துக்கொண்டாள். பாட்டில் ஒருக்களித்து மேலே வந்தது. "அப்பா, இதுக்கு இடது பக்கம் படகு இடிச்சிருக்கு" என்றாள். அப்புறம் விரலை எடுத்துவிட்டாள்.